அசல் என்று விற்கப்பட்ட நடிகையர் அட்டைகள்

கேள்வி: லண்டனில் வசிக்கும் நான், ஆக்டன்ஸ் கினி கோல்டு சிகரெட் பெட்டிகளில் வந்த மேடை நடிகையர் அட்டைகள் 70-ஐ ஒரு கடைக்காரரிடம் 1,400 பவுண்டுக்கு வாங்கினேன். ரசீதில் ‘அசல்’ என்றே உள்ளது. எட்டு மாதம் கழித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அச்சுப் புள்ளிகள் தெரிகின்றன. இருபது ஆண்டுகளாகச் சேகரித்து, மாதந்தோறும் சந்தையில் மேசை போட்டு உபரி அட்டைகளை விற்கும் என்னையே ஏமாற்றிவிட்டு ஏளனமும் செய்கிறார். 900 பவுண்டு தருவதாகச் சொல்கிறார். வழக்குத் தொடரலாமா?

பதில்: ஏளனத்துக்கு நீதிமன்றத்தில் விலை கிடையாது, அதை விட்டுவிடுங்கள். 1894 முதல் 1907 வரை வெளிவந்த கினி கோல்டு அட்டைகள் அச்சுப் புள்ளிகளே இல்லாத மெய்யான புகைப்படப் பிரதிகள் என்பதால், நீங்கள் கண்ட புள்ளிகளும் ரசீதிலுள்ள அந்த ஒரு சொல்லும் உங்கள் பக்கமே பேசும். எனவே அட்டைகள் போலியா என்பதைவிட, நீங்கள் நுகர்வோரா, அதாவது முக்கியமாக வியாபாரத்துக்காக அல்லாமல் வாங்கியவரா என்பதே இங்கே வழக்கைத் தீர்மானிக்கும்.

நுகர்வோர் என்றால், பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு உங்களைக் காக்கும். நீங்கள் நுகர்வோர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடைக்காரருடையதே. ஆனால் மாதந்தோறும் மேசை போட்டு விற்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வழக்கறிஞருக்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. என் கட்சிக்காரர்கள் பலர் இப்படித் தங்கள் நிபுணத்துவத்தைப் பெருமையாக எழுதியே வழக்கைக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாதுகாப்பு போனால் 1979-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம்தான் மிஞ்சும். அதன் 13-ஆம் பிரிவின்படி, விற்றவர் சொன்னதை நம்பியே வாங்கினீர்கள் என்பது தெளிவாக வேண்டும். கேப்ரியேல் முண்டர் வரைந்ததென்று 6,000 பவுண்டுக்கு விற்கப்பட்ட போலி ஓவியத்தின் வழக்கில், வாங்கிய ஓவிய வணிகர் விற்றவரின் சொல்லை நம்பாமல் தம் கணிப்பையே நம்பினார் என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

வென்றாலும் கணக்கைப் பாருங்கள். சிறு தொகை வழக்கில் வழக்கறிஞர் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. நிபுணர் செலவாக அதிகபட்சம் 750 பவுண்டுதான் கேட்க முடியும். ஆகவே 1,100 கேட்டுப் பாருங்கள், மறுத்தால் 900-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். அட்டைகளைத் திருப்பிக் கொடுப்பதையும் பணம் வரும் தேதியையும் எழுத்தில் பதிவு செய்யுங்கள். அதுவரை ஓர் அட்டையைக்கூட உங்கள் மேசையில் வைக்காதீர்கள்: போலியென்று தெரிந்த பின் அசலென்று விற்றால், 2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின் கீழ் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்தான்.