டர்போ கேள்வி பதில்: ரேஸ் என்ஜினிலிருந்து எதை எடுக்கலாம், எதை விடலாம்?

கார்த்திக்: நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆர்பி26 என்ஜின் ஏன் 2.6 லிட்டர்? 2.5 அல்லது 3 என்று வைத்திருக்கலாமே?

ரேஸ் விதிக்காக வந்த அளவு அது. அந்தக் காலத்து குரூப் ஏ என்ற கார் பந்தயத்தில் டர்போ (எக்ஸாஸ்ட் காற்றால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள என்ஜினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கித்தான் வகுப்பு பிரித்தார்கள். 2,568 சிசியைப் பெருக்கினால் ஏறக்குறைய 4,366 வரும். 4,500 சிசி வகுப்பில் அடங்கிவிடும். அந்த வகுப்பில் 10 அங்குல அகல டயர் போட முடிந்தது.

1989இல் விற்பனைக்கு வந்தபோது நிசான் சொன்ன சக்தி 280 பிஎஸ் (குதிரைத்திறன்). ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட வரம்பு அது, அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். வார்ப்பிரும்பு பிளாக், சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில், சோடியம் நிரப்பிய எக்ஸாஸ்ட் வால்வு எல்லாம் ரேஸில் 500 குதிரைத்திறனுக்கு மேல் தாங்குவதற்காக வைத்தவை. ஜப்பான் டூரிங் கார் பந்தயத்தில் 1990 முதல் 1993 வரை 29 ரேஸ், 29 வெற்றி. என்ஜின் கட்டுபவர்கள் இன்றும் அதைத் தேடி அலைவது இந்தத் தாங்கும் சக்திக்காகத்தான்.

செல்வா: அப்படியானால் பூஸ்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை) மட்டும் ஏற்றினால் போதுமா?

போதாது. அந்த காரின் டர்போவில் எக்ஸாஸ்ட் காற்று சுழற்றும் டர்பைன் சக்கரம் செராமிக். எடை குறைவு என்பதால் சீக்கிரம் சுழலும், ரோட்டில் ஓட்ட அருமை. பூஸ்டும் சூடும் ஏறினால் தண்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும். ரேஸுக்கென்று வந்த என்1 ரகத்தில் நிசானே உலோகச் சக்கரம்தான் போட்டது.

அதற்கு முன்னால் ஆயிலைப் பாருங்கள். ஆரம்பகால ஆர்32 ரக ஜிடி-ஆரின் கிராங்க் தண்டில் ஆயில் பம்பைச் சுழற்றும் பகுதி ரொம்பக் குறுகல். என்ஜின் வேகத்துக்குத் தடை போடும் ரெவ் லிமிட்டரில் அடிக்கடி மோதினால் பம்பின் கியர் உடையும். அதிக ஆர்பிஎம்மில் நெடுநேரம் ஓட்டினால் ஆயில் மேலே ஹெட்டில் தேங்கி, கீழே சம்ப் என்ற ஆயில் தொட்டி வறண்டுவிடும். பெரிய டர்போ வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் இங்கே செலவழியுங்கள்.

முருகேஷ்: ஃபோர்ஜ்டு (அடித்துச் செய்த) பிஸ்டன் போட்டபின் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக்டக் சத்தம். என்ஜின் போய்விட்டதா?

பிஸ்டன் 2618 என்ற அலுமினிய அலாய் என்றால் பயப்பட வேண்டியதில்லை. சூட்டில் அது அதிகம் விரியும். அதனால் சிலிண்டரில் இடைவெளி கூடுதலாக விட்டுத்தான் சிலிண்டரைக் குடைவார்கள். சூடேறியதும் சத்தம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் என்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் ஆபீசுக்கு ஓட்டும் வண்டிக்கு 4032 அலாய் போதும் என்பது என் கட்சி. விரிவு குறைவு, இடைவெளியும் குறைவு.

அருண்: ரேலி கார் போல ஆன்ட்டி-லேக் வைக்கலாமா?

வேண்டாம். ஆக்சிலேட்டரை மிதித்ததும் டர்போ வேகமெடுக்க ஆகும் தாமதம்தான் லேக். அதைத் தவிர்க்க, ஆக்சிலேட்டரை விட்டபிறகும் எக்ஸாஸ்டுக்குள் பெட்ரோலை எரித்து டர்போவைச் சுழல வைக்கும் வித்தை அது. டர்பைனும் எக்ஸாஸ்ட் குழாயான மேனிஃபோல்டும் சீக்கிரம் வெந்துபோகும். ரேலி டீம் மாற்றுவதற்கு டர்போ கையில் வைத்திருக்கும், நீங்கள் வைத்திருக்க மாட்டீர்கள்.

ஃபரூக்: ஃபார்முலா ஒன் டர்போவிலிருந்து ரோட்டுக்கு ஏதாவது வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. 2014 விதியில் டர்போ தண்டோடு சேர்த்து ஒரு மின் மோட்டார் வந்தது. எக்ஸாஸ்ட் காற்று வரும்வரை காத்திராமல் அந்த மோட்டாரே டர்போவில் காற்றைத் தள்ளும் கம்ப்ரசரைச் சுழற்றிவிட்டது, லேக் பிரச்சினை தீர்ந்தது. 2022இல் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி43 காரில் அதே யோசனையை 48 வோல்ட்டில் கொண்டுவந்தார்கள். வீட்டில் கழற்றி மாட்டுகிற சமாச்சாரம் இல்லை.

தினேஷ்: என்னுடையது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ, டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர். எவ்வளவு தூரம் போகலாம்?

கம்பெனி கொடுத்தது 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). உங்கள் எல்லையைத் தீர்மானிப்பது கியர்பாக்ஸ். அந்த ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்காகச் செய்தது. என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி ரீமேப் செய்பவரிடம் குதிரைத்திறனைக் கேட்காதீர்கள். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க் என்ற டைனோ (என்ஜின் சக்தியை அளக்கும் கருவி) வரைபடத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். அப்புறம், இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.