ஜார்ஜ் மைக்கேலின் 'பேஷன்ஸ்': கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: பிரிட்டிஷ் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேலின் 'ஷூட் த டாக்' பாட்டு ஈராக் போரைக் கண்டித்து வந்ததுதானே?

ப: தேதியைப் பாருங்கள் ஐயா. பாட்டு வெளியானது 2002 கோடையில். ஈராக் படையெடுப்பு 2003 மார்ச்சில். போர்ப் பேச்சு கிளம்பியபோதே, பிரிட்டிஷ் பிரதமராக இருந்த பிளேர் ஏன் அமெரிக்க அதிபராக இருந்த புஷ் பின்னாலேயே ஓடுகிறார் என்று கேட்ட பாட்டு அது. கார்ட்டூன் வீடியோவில் பிளேர் புஷ்ஷின் செல்ல நாய். 2004-ல் வந்த 'பேஷன்ஸ்' ஆல்பத்திலும் அதைச் சேர்த்ததால்தான் இந்தக் குழப்பம்.

கே: அவருடைய கடைசி ஆல்பம் 'பேஷன்ஸ்' என்கிறார்களே, 'சிம்பொனிகா' இல்லையா?

ப: அது 2014-ல் வந்த மேடைப் பதிவு. ஸ்டுடியோவில் செய்த கடைசி ஆல்பம் 'பேஷன்ஸ்'தான்.

கே: காதல் பாட்டு பாடியவருக்கு எதற்கு அரசியல்?

ப: அவருக்கு அது புதிதல்ல. 1984-ல் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டிய மேடையில் அவருடைய அப்போதைய இசைக்குழு 'வாம்!' பாடியிருக்கிறது.

கே: இருந்தாலும் நாய் கார்ட்டூன் மலிவான கிண்டல். பாட்டும் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 12-ம் இடத்தோடு நின்றுபோனது.

ப: கிண்டல் மலிவு என்பதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடத்தை வைத்து எடை போடாதீர்கள். என்னைக் கேட்டால், இந்த ஆல்பத்தின் நிஜமான அரசியல் பாட்டு 'மை மதர் ஹாட் எ பிரதர்'. ஜார்ஜ் பிறந்த சமயத்தில் அவருடைய தாய்மாமா தற்கொலை செய்துகொண்டார். அந்த மாமா தன்பாலீர்ப்பாளர் என்று பாட்டு சொல்கிறது. ஜார்ஜ் பிறந்தது 1963-ல். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையேயான உறவு குற்றமில்லை என்று, அதுவும் பல நிபந்தனைகளோடு, சட்டம் வந்தது 1967-ல். மாமா இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் நாடே மாறியிருக்குமே என்ற ஏக்கம்தான் பாட்டு முழுக்க. இதில் பிளேரும் இல்லை, புஷ்ஷும் இல்லை. சட்டம் ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்தது என்பது இருக்கிறது. வீடியோவைப் பார்த்துச் சண்டை போட்டவர்கள் இதைக் கேட்டார்களா?

கே: அது குடும்ப சோகம். அதைப் போய் அரசியல் என்கிறீர்களே?

ப: அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததா? நாடாளுமன்றம் போட்டது, நாடாளுமன்றமே தளர்த்தியது. இதற்கு வேறென்ன பெயர்?

கே: 'ஷூட் த டாக்' போருக்கு அப்புறம் எழுதிய பாட்டு என்று படித்தேனே...

ப: முதல் பதிலைப் படியுங்கள். தேதி, தேதி!

கே: இசைத்தட்டு நிறுவனமான சோனியோடு வழக்கு போட்டவர் திரும்ப ஏன் அங்கேயே போனார்?

ப: வழக்கில் 1994-ல் தோற்றார், 'பேஷன்ஸ்' சோனியிலேயே வந்தது. ஒப்பந்த விவகாரம் சட்டம் தெரிந்தவரிடம் கேட்க வேண்டியது. நான் பாட்டுக்காரன்.