வீட்டுக்கு 5 மீற்றர்

வணக்கம் ஐயா,

மூதூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு இரண்டு வருடமாக நான்தான் செயலாளர். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் ஊரே பள்ளிக்கூடத்தில் கிடந்தது. அப்போது யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பெடியள் ட்ராக்டரில் போய் வயதானவர்களை ஏற்றி வந்தார்கள். சட்டி பானை எந்த வீட்டுடையது என்று கேட்காமல் சமைத்தோம். வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், வீதியோரம் உள்ள 600 மீற்றர் வடிகான் மண்ணாலும் குப்பையாலும் மூடிப்போய்க் கிடக்கிறது. அடுத்த மாரிக்கு முன் வெட்டிவிட வேண்டும் என்று மூன்று ஞாயிறு சிரமதானம் வைத்தேன். ஊரில் 120 வீடுகள். முதல் ஞாயிறு 14 பேர் வந்தார்கள், அடுத்த ஞாயிறு 9 பேர், கடைசியாக 6 பேர். சமையலுக்கு நின்ற நான்கு அக்காமார் மட்டும் மூன்று நாளும் வந்தார்கள். "என்ன தருவீங்க?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தக் காலத்தில் ஊரே திரண்டு வரும் என்கிறார்கள் பெரியவர்கள். சனம் கெட்டுப்போய்விட்டதா ஐயா? பதவியை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கே.

அன்புள்ள மகள்,

முதலில் ஒரு கணக்குத் திருத்தம். கடைசி ஞாயிறு வந்தது 6 பேர் அல்ல, 10 பேர். விடிய எழும்பித் தேங்காய் துருவி, விறகு வைத்து, அத்தனை பேருக்கும் சோறு போட்ட நான்கு பெண்களை நீங்களே கணக்கில் சேர்க்காவிட்டால் வேறு யார் சேர்ப்பார்கள்? மூன்று நாளும் தவறாமல் வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். உங்கள் வரவுப் புத்தகத்தில் அவர்களுடைய பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஒரு பந்தயம். மண்வெட்டியோடு வந்த அந்த 6 பேருடைய வீடுகளும் வடிகானின் கீழ்ப்பக்கத்தில், பள்ளமான இடத்தில் இருக்க வேண்டும். நான் தம்பலகாமத்து வயல்காரனின் மகன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவன். வாய்க்கால் வெட்டு என்றால் கடைமடைக்காரன் விடியற்காலையே வந்து நிற்பான். தலைமடைக்காரன் பத்து மணிக்கு வந்து, "இங்க தண்ணி நல்லாத்தானே வருது" என்பான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குத் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. உங்கள் வடிகானில் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் குறைவதில்லை, கூடுகிறது; மற்றபடி அதே கதைதான்: மேட்டு வீட்டுக்காரர் தன் முற்றத்துத் தண்ணீரைக் கீழே தள்ளிவிட்டால் போதும், அவருக்கு வேலை முடிந்தது. பள்ளத்து வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரோடு குடித்தனம் நடத்துகிறார்.

அந்தக் காலத்தில் ஊரே திரண்டு வரும் என்கிறார்களே, அது உண்மைதான். ஆனால் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். போகம் தொடங்குமுன், வயல்களையும் தண்ணீரையும் மேற்பார்க்கும் வட்டவிதானை ஒரு கம்போடு வருவார். 1958இன் நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போய்விட்டது. ஆனால் பெயர் போகவில்லை, கம்பும் போகவில்லை. எத்தனை ஏக்கர் வயலோ அதற்கேற்ப இத்தனை கம்பு வாய்க்கால் என்று அளந்து, முளை அடித்துவிட்டுப் போவார். எங்களுக்கு இரண்டு ஏக்கர். அந்த வருடம் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். நானும் அம்மாவும் போனோம். பாதியைச் செதுக்கினோம், மீதியை நான் புல்லை மேலே இழுத்து மூடிவிட்டு வந்தேன். வட்டவிதானை காலால் அந்தப் புல்லைத் தள்ளிப் பார்த்தார். திட்டவில்லை. மறுநாள் ஆள் பிடித்து வெட்டுவித்து, அந்தக் கூலியை அறுவடையில் எங்கள் களத்திலிருந்து நெல்லாக அளந்து எடுத்துக்கொண்டார். அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த நெல்லை அளக்கும்போது என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

அதைச் சிரமதானம் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. வாய்க்கால் வெட்டு என்பார்கள். அதில் தானம் எங்கே இருக்கிறது? பங்கு இருந்தது, அளவு இருந்தது, வராவிட்டால் தெண்டம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், வட்டவிதானைப் பதவி ஒழிந்த அதே 1958இல்தான் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போய் முகாம் போட்டார். சர்வோதய இயக்கமும், இன்று நாம் சொல்லும் சிரமதானமும் அப்படித்தான் வளர்ந்தன. நல்ல வேலை அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வெளியிலிருந்து இன்னொருவருடைய ஊருக்குப் போனார்கள். அதனால் தானம் என்ற சொல் பொருந்தியது. தன் வீட்டு வாசல் வடிகானை வெட்டுகிறவன் யாருக்குத் தானம் கொடுக்கிறான்?

அப்புறம், மண்வெட்டியோடு வா என்று கூப்பிட்டால் நம் சனத்துக்கு நினைவில் வருவது என்ன என்றும் யோசிக்க வேண்டும். இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1832இல் ஒழித்தார்கள். கிராமத்துக் குளங்களும் வாய்க்கால்களும் பார்ப்பாரில்லாமல் பாழாகத் தொடங்கின. பிறகு 1848இல் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய் அல்லது காசு கட்டு என்று சட்டம் வந்தது, நாட்டின் நடுப்பகுதியில் கலகம் வெடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 1856இல் நீர்ப்பாசனத்துக்காக ஊர்களின் பழைய வழக்கத்தையே சட்டமாக்கியபோது அது நிலைத்தது. வீதியில் போவது யாரோ, வாய்க்காலில் வருவது தன்னுடைய தண்ணீர். இரண்டையும் சனம் நன்றாகப் பிரித்துத்தான் பார்த்தது.

இவை பாட்டன் காலத்துக் கதைகள் என்றால், உங்கள் அம்மாவிடம் சமுர்த்தி முத்திரைக் காலத்தைக் கேளுங்கள். 1995இல் தொடங்கிய, வறிய குடும்பங்களுக்கான அரச உதவித் திட்டம். முத்திரை எடுக்கும் குடும்பம் சிரமதானத்துக்கு வர வேண்டும், வந்து கையெழுத்து வைக்க வேண்டும். முத்திரை இல்லாத வசதியான வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். சிரமதானம் என்றால் ஏழைகள் செய்வது என்ற எண்ணம் அங்கேதான் ஊறியது. யுத்த காலத்தில் மண்வெட்டியோடு வரச் சொன்னவர்களிடம் ஏன் என்று கேட்க முடியாது. யார் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை, உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும்.

சுனாமிக்குப் பிறகு இன்னொன்று வந்தது. நிலாவெளிக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் உப்பேறிய கிணறுகளை இறைக்கும் வேலைக்கு நானும் ஒரு குழுவில் இருந்தேன். ஒரு நிறுவனம் தன் வீட்டுக் கிணற்றைத் தானே இறைப்பதற்கும் நாட்கூலி கொடுத்தது. அன்றைக்கு அது சரிதான், கடல் எல்லாவற்றையும் கொண்டுபோன சனத்தின் கையில் காசு வேண்டும். இரண்டு வருடம் கழித்து, நிறுவனம் போன பிறகு, பொதுக்கிணறு ஒன்றைத் துப்புரவாக்க நான் வீடு வீடாகப் போனேன். ஒரு ஆச்சி கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "தம்பி, இந்தமுறை எந்த நிறுவனம்?" எனக்குக் கோபம் வந்தது. நாலு பேரிடம் அவரைக் குறை சொன்னேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. கிணற்றை இறைத்தால் காசு என்று அவருக்குப் பழக்கிய குழுவில் நானும் ஒருவன். அவர் பேராசைப்படவில்லை, நடைமுறையைக் கேட்டார், அவ்வளவுதான்.

உங்களிடம் "என்ன தருவீங்க?" என்று கேட்டவர் யார்? நாட்கூலிக்குப் போகிறவர் என்றால் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை இல்லை. உங்கள் வடிகானுக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். மாதச் சம்பளக்காரர் வந்தால் ஒரு நித்திரை போகும். இரண்டு பேரும் கொடுப்பது ஒன்றல்ல. அவர் வசதியானவர் என்றால், சரி, நீங்கள் கோபப்படலாம், நானும் சேர்ந்து கோபப்படுகிறேன்.

வெள்ளத்துக்கு வந்தவர்கள் வடிகானுக்கு ஏன் வரவில்லை என்பது உங்கள் கடிதத்துக்குள் இருக்கும் உண்மையான கேள்வி. மகாவலி பெருகி, மாவிலாற்றுக் கட்டும் உடைந்த அந்த நாட்களில் யாருக்கு என்ன தேவை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற கிழவரைத் தூக்க வேண்டும், தூக்கினால் வேலை முடிந்தது. யார் தூக்கினார், யார் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. வடிகான் அப்படியில்லை. 600 மீற்றரில் நான் வெட்டியது எது, நீ வெட்டியது எது? 14 பேர் ஒரு நாள் முழுவதும் வெட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் இன்னும் முக்கால்வாசி கிடக்கிறது. வராத நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கும் சேர்த்துத் தாங்கள் வெட்டுவதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அடுத்த ஞாயிறு 5 பேர் குறைந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. 9 பேர் திரும்பி வந்ததுதான் ஆச்சரியம்.

உங்கள் ஊரில் மரண உதவிச் சங்கம் இருக்கும். அது ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கும். மாதச் சந்தா, கதிரை, கூடாரம், கணக்குப் புத்தகம், செத்த வீட்டுக்குப் போக வீட்டுக்கு ஒருவர். அங்கே யாராவது "என்ன தருவீங்க" என்று கேட்கிறார்களா? நாளைக்குத் தன் வீட்டுக்கும் அந்தக் கதிரைகள் வரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வயல் வாய்க்காலும் இன்றுவரை அப்படித்தான். போகத்துக்கு முந்திய கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியைப் பேசும்போதே துப்புரவு முடிக்க வேண்டிய திகதியையும் தீர்மானிக்கிறார்கள். உங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பில் இருக்கிறவர்களும் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுகிறவர்களும் ஒரே ஆட்களாகத்தான் இருப்பார்கள்.

ஆகவே பதவியை விடவேண்டாம், ஞாயிறை விடுங்கள். 600 மீற்றர், 120 வீடு. வீட்டுக்கு 5 மீற்றர். ஒரு ஆளுக்கு அரைநாள் வேலை, மண் இறுகியிருந்தால் ஒரு நாள். கயிறு பிடித்து அளந்து முளை அடியுங்கள், முளையில் வீட்டு இலக்கம் எழுதுங்கள். ஒரே நாளில் வரவேண்டாம், புரட்டாதி முடிவதற்குள் எந்த நேரத்திலும் வெட்டலாம் என்று சொல்லுங்கள். கூலிக்காரர் பின்னேரம் வெட்டுவார், கடைக்காரர் ஆள் பிடித்து வெட்டுவிப்பார், வெளிநாட்டில் மகன் இருக்கிற வீட்டுக்காரர் காசு தருவார். வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். தனித்திருக்கும் வயதானவர்கள், சின்னப் பிள்ளைகளோடு இருக்கும் விதவைகள், இவர்களுடைய பங்கு எது என்பதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேசி, யார் எடுப்பது என்று முடிவெடுங்கள். நீங்களாகத் தீர்மானித்தால் நாளைக்குச் செயலாளர் தன் சொந்தக்காரருக்குச் சலுகை தந்தாள் என்று கதை வரும். நீங்கள் அவர்களுக்குச் சொந்தம் இல்லாவிட்டாலும் வரும்.

சமைத்த அந்த நான்கு பேருடைய வீடுகளுக்கு முளை அடிக்காதீர்கள். அவர்கள் மூன்று ஞாயிறு முடித்துவிட்டார்கள். அவர்களுடைய 20 மீற்றரை யார் எடுப்பது என்பதையும் அதே கூட்டத்தில் பேசுங்கள்.

தெண்டம் வைப்பதா வேண்டாமா என்று கேட்பீர்கள். வட்டவிதானை காலம் இல்லை, நெல் அளக்க முடியாது. ஆனால் மாரி தொடங்கும்போது வெட்டாத 5 மீற்றர் தானாகவே தெரியும். தண்ணீர் அங்கே தேங்கும், முளையில் இலக்கம் இருக்கும். ஒன்றும் எழுதவேண்டாம், வாட்ஸ்அப்பில் படமும் போடவேண்டாம். மேட்டு வீட்டுக்காரரின் பங்கைப் பள்ளத்து வீடுகளுக்கு முன்னால் அடியுங்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் அது என்னுடைய குசும்பு. சண்டை வரும். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

அளக்கிற நாளை எனக்கு அறிவியுங்கள். திருகோணமலையிலிருந்து மூதூர் பஸ்ஸில் ஏறி வருகிறேன். என் வீடு உங்கள் ஊரில் இல்லை, அதனால் எனக்கு முளை கிடையாது, முதுகும் இப்போது குனிய விடுவதில்லை. கயிற்றின் ஒரு நுனியைப் பிடிக்கிறேன். தேத்தண்ணிக்குச் சீனியும் கொண்டுவருகிறேன்.