ஓடும் நீரில் கயிறும் முடிச்சும்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

நான் கொழும்பிலுள்ள ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். சாரணர் குழுவுக்கும் பொறுப்பாக இருக்கிறேன். பாறையேற்றக் கயிறுகளைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை மாணவர்களோடு சேர்ந்து வாசித்தோம். வரும் விடுமுறையில் மூத்த மாணவர்களைக் கித்துல்கலைக்கு அழைத்துச் சென்று, களனி கங்கையில் இறப்பர்ப் படகு விடவும், அருகிலுள்ள ஓர் அருவியில் கயிற்றில் இறங்கவும் எண்ணியிருக்கிறோம். அங்குள்ள வழிகாட்டிகள் உடன் வருவார்கள் என்றாலும் நாங்களும் ஆயத்தமாகப் போக விரும்புகிறோம். கனடாவிலிருந்து வந்த என் மைத்துனர், பாறையேற்றத்துக்கான 6 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 30 மீற்றர் கொண்டுவந்து தந்திருக்கிறார். அதன் அட்டையில் ஈஎன் 564 என்று இருக்கிறது. இதை ஆற்றில் விழுந்தவருக்கு எறியும் எறிகயிறாகவும் படகு கட்டவும் பயன்படுத்தலாமா, அல்லது பழைய சோனகத் தெருவில் கிடைக்கும் நீலக் கயிறு போதுமா? 8 வடிவிலான எட்டு முடிச்சும் ரீஃப் முடிச்சும் பிள்ளைகளுக்கு நன்றாக வரும். வேறு எவற்றைப் பழக்க வேண்டும்? இன்னுமொன்று. பெற்றோர் சிலர் பயப்படுகிறார்கள். உயிர்காப்பு அங்கிக்கு மேலதிகமாக ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் கயிறு கட்டிப் படகோடு இணைத்துவிட்டால் யாரும் அடித்துச் செல்லப்பட மாட்டார்கள் என்று ஒரு தந்தை சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. உங்கள் கருத்தை அறியத் தாருங்கள்.

ஒரு வாசகர்,
வெள்ளவத்தை.

அன்பின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பிள்ளைகளைப் படகோடு கட்ட வேண்டாம். இடுப்பில் மட்டுமன்றிக் கையிலோ காலிலோ உயிர்காப்பு அங்கியின் வாரிலோகூடக் கட்ட வேண்டாம். கயிறு எவ்வளவு தரமானதாக இருந்தாலும், முடிச்சை எவ்வளவு சரியாகப் போட்டிருந்தாலும் இந்தப் பதில் மாறாது.

அந்தத் தந்தையின் பயம் நியாயமானது. அவர் சொன்ன வழிதான் ஆபத்தானது. உயிர்காப்பு அங்கி அணிந்த ஒருவர் ஆற்றில் விழுந்தால் அவரும் நீரோடு சேர்ந்து போகிறார். நீருக்கும் அவருக்கும் வேக வித்தியாசம் அதிகம் இல்லாததால் அங்கி அவரை மிதக்க வைக்கிறது. மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, பாதங்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தி வைத்திருந்தால், பாய்ச்சலைக் கடந்து கீழேயுள்ள தேக்கத்தில் அவரைப் பிடித்துவிடலாம். அதே ஆளைக் கயிற்றால் கட்டி, அந்தக் கயிறும் ஒரு பாறையிலோ கவிழ்ந்து சிக்கிய படகிலோ மாட்டிக்கொண்டால் நிலைமை தலைகீழாகிறது. அவர் நிற்கிறார், ஆறு நிற்பதில்லை. நீரின் அடர்த்தி காற்றினுடையதைப் போல ஏறத்தாழ 800 மடங்கு. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. இடுப்பில் கட்டிய கயிறு உடலை மடக்கி, தலையை நீருக்குள் அமிழ்த்துகிறது. நல்ல அங்கியாலும் அந்த விசையை எதிர்த்து அவரை மேலே தூக்க முடியாது. அவ்வளவு இறுக்கத்தில் இருக்கும் முடிச்சை விரல்களால் அவிழ்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அதோடு, படகு கவிழும்போது ஆறேழு பிள்ளைகளின் கயிறுகள் அதன் அடியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

மீட்புப் பணியாளர்கள் தங்களைக் கயிற்றில் இணைத்துக்கொண்டு ஆற்றில் இறங்குவதைப் பெற்றோர் காணொளிகளில் பார்த்திருக்கலாம். அவர்களுடைய அங்கியில் தனியாக ஒரு வார் உண்டு. கயிறு முதுகுப் பக்கத்தில் இணைந்திருக்கும். முன்னாலுள்ள பிடியை ஓர் இழுப்பு இழுத்தால் வார் முழுவதும் உருவிக்கொண்டு போய்விடும். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அணிய வேண்டிய பொருள் அது. நின்றபடி துடுப்புப் போடும் பலகைக்கும் இதுவே பொருந்தும். அறுகம்பையில் அலையாடுபவர் பலகையின் வாரைக் கணுக்காலில் கட்டுவது சரியானது. ஆற்றிலோ வாரைக் கணுக்காலில் கட்டக் கூடாது, இழுத்தவுடன் கழன்றுவிடும் இடுப்புப் பட்டியில்தான் இணைக்க வேண்டும், ஏனெனில் வார் ஒரு மரக்கிளையில் சிக்கிவிட்டால் ஓட்டத்துக்கு எதிராகக் குனிந்து கணுக்காலை எட்ட எவராலும் முடியாது.

பாறையேற்றத்திலிருந்து நீருக்கு வருபவர்கள் பழக வேண்டிய பெரிய மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். பாறையில் நாம் அஞ்சுவது முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று; ஓடும் நீரில் அதே அளவுக்கு, வேண்டிய நேரத்தில் அது அவிழாமல் போய்விடுமோ என்றும் அஞ்ச வேண்டும். நீங்கள் திட்டமிட்டிருக்கும் அருவி இறக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பாறைமுகத்தில் இறங்கும்போது கயிற்றின் கீழ் முனையில் ஒரு தடுப்பு முடிச்சுப் போடுவது நல்ல பழக்கம். கயிறு தரையை எட்டாவிட்டால் இறங்குபவர் அதன் முனையைக் கடந்து விழாமல் அம்முடிச்சு தடுக்கிறது. அருவியின் அடியில் ஆழமான சுழி இருந்தால் அந்த முடிச்சே கேடாகிவிடுகிறது. அங்கே கயிற்றின் நீளத்தை நீர்மட்டத்தோடு நிற்கும்படி அமைத்து, முனையை வெறுமனே விடுகிறார்கள். இறங்குபவர் முனையிலிருந்து வழுக்கி நீரில் விழுந்து நீந்திப் போய்விட வேண்டும். மேலே கயிற்றைப் பிணைக்கும் விதமும் மாறுகிறது. கொட்டும் நீருக்கு நடுவே ஒரு பிள்ளையின் தலைமயிரோ சட்டையோ இறங்கு கருவியில் சிக்கினால், மூச்சு முட்டுவதற்குள் மேலிருந்து கயிற்றைத் தளர்த்திக் கீழே விடக்கூடியதாக அப்பிணைப்பு இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டிய எட்டு முடிச்சில் கயிறு தொங்கினால் அதைச் செய்ய இயலாது. ஆகவே வழிகாட்டிகளிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பாதிவழியில் ஒருவர் சிக்கினால் மேலிருந்தே அவரை இறக்க முடியுமா? அவர்கள் அதை உங்களுக்குச் செய்து காட்டிய பின் பிள்ளைகளை அனுப்புங்கள்.

இனி உங்கள் கயிறு. ஈஎன் 564 என்பது பாறையேற்றத் துணைக்கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரம். அதன்படி 6 மில்லிமீற்றர் கயிறு குறைந்தது 7.2 கிலோநியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். 730 கிலோகிராம் அளவிலான பாரம் அசையாமல் தொங்குவதற்கு அது சமம். எந்த முடிச்சும் அந்த வலிமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையோ மூன்றில் ஒரு பங்கையோ குறைத்துவிடும். நனைந்த நைலோன் மேலும் சற்று வலிமை இழக்கும். ஆள் விழும் அதிர்ச்சியைத் தாங்கவென்று செய்யப்பட்ட கயிறு இது அன்று. அதற்கான நெகிழ்கயிறு ஈஎன் 892 என்ற வேறு தரத்தின் கீழ் வருகிறது. அருவியில் இறங்குவதற்கோ நெகிழ்ச்சி குறைந்த, ஈஎன் 1891 தரக் கயிறு வேண்டும். மைத்துனர் தந்ததில் ஆளைத் தொங்கவிட வேண்டாம். எறிகயிறாகவும் அது பயன்படாது, ஏனெனில் நைலோன் நீரில் அமிழும். அமிழ்ந்த கயிறு நீந்துபவரின் கண்ணுக்குத் தெரியாது. ஆற்றின் அடியிலுள்ள கற்களிடையே போய் மாட்டிக்கொள்ளும்.

எறிகயிற்றுக்கு மிதக்கும் பொருள் வேண்டும், பெரும்பாலும் அது பொலிப்புரொப்பிலீன். பழைய சோனகத் தெருவில் நிறுத்தோ அளந்தோ விற்கும் நீலக் கயிறும் பெரும்பாலும் அதே வகைப் பொருள்தான், ஆகவே மிதக்கும். ஆயினும் அதன் வலிமை இன்னதென்று அதில் எழுதியிருக்காது. முறுக்கிய விறைப்பான கயிறு என்பதால் பைக்குள் ஒழுங்காக அடங்காமல் புரிவிட்டு முறுகும். வெயில் அதற்குப் பெரிய எதிரி. கடை வாசலில் பல மாதம் தொங்கிய சுருளை எடுத்து, விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: நிறம் வெளிறி, மாப் போல வெண்பொடி உதிர்ந்து, உடைந்த இழைகள் உள்ளங்கையில் முள்ளாய்க் குத்தினால், அந்தக் கயிறு உங்கள் கண்முன்னேயே பழுதாகிக்கொண்டிருக்கிறது. கரையில் படகைக் கட்டி வைக்கவும் பொருட்களைக் கட்டவும் புதிய நீலக் கயிறு போதும். உயிரை மீட்கும் கயிறாக அதை நம்ப வேண்டாம். பின்னல் வகையான, மென்மையான, 15 முதல் 20 மீற்றர் வரை நீளமுள்ள எறிகயிற்றுப் பையை வாங்குங்கள், அல்லது வழிகாட்டிகளிடம் இருப்பதைக் கேட்டுப் பழகுங்கள்.

அந்தப் பையைப் பழகுவதில் தாராளமாக நேரம் செலவிடுங்கள். கயிற்றைச் சுருட்டி வைக்கக் கூடாது. கைப்பிடி கைப்பிடியாக உள்ளே திணிக்க வேண்டும், அப்போதுதான் எறியும்போது சிக்கின்றி வெளிவரும். நீந்துபவரை முதலில் உரக்கக் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பின், பை அவரைத் தாண்டி விழும்படி எறிய வேண்டும்; பையைப் பிடிப்பது அவருக்குச் சிரமம், தோள்மேல் விழுந்த கயிற்றைப் பற்றுவது எளிது. பற்றியவர் மல்லாந்து, கயிற்றை ஒரு தோளுக்கு மேலாக எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டால், ஓட்டமே அவரை வளைத்துக் கரைசேர்க்கும். எறிபவரின் கையிலிருக்கும் முனையில் கண்ணியோ முடிச்சோ இருக்கக் கூடாது, கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. அந்த முனை எந்த நேரத்திலும் கையிலிருந்து உருவிப் போகக்கூடியதாகவும், போன பின் கற்களிடையே மாட்டாமல் வழுக்கிச் செல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பைகள் சிலவற்றில் அந்த முனையில் கைப்பிடிக் கண்ணி இருக்கும். நான் அதை வெட்டிவிடச் சொல்வேன்.

மைத்துனரின் கயிற்றுக்கு மிகப் பொருத்தமான வேலை, பெரிய கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் புரூசிக். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புரூசிக் 1931இல் மலையேறிகளுக்கு அறியத் தந்த முடிச்சு இது. இன்று பாறையில் சிக்கிய படகை இழுத்தெடுக்கும் வேலையில் அது இல்லாமல் முடியாது. ஒன்றரை மீற்றர் வெட்டி, முனைகளை டபிள் ஃபிஷர்மன் முடிச்சால் இணைத்து வளையமாக்குங்கள். முடிச்சின் இருபுறமும் நான்கு விரலகல வால் விடுங்கள். அந்த வளையத்தை 10 அல்லது 11 மில்லிமீற்றர் கயிற்றின்மேல் வைத்து, அதன் ஒரு பாதியை மறு பாதிக்குள்ளால் மூன்று தரம் சுற்றி எடுங்கள். இப்போது பெரிய கயிற்றின்மேல் ஆறு சுற்றுகள் ஒன்றோடொன்று குறுக்கிடாமல் வரிசையாகப் படிந்திருக்க வேண்டும். ஒரு சுற்று மற்றொன்றின்மேல் ஏறியிருந்தால் பிடி பாதியாகிவிடும் என்பதால், விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சீராக்குங்கள். வளையத்தை இழுத்தால் கவ்வும். பாரத்தை எடுத்துவிட்டு நடுவிலுள்ள குறுக்கு வளைவைப் பெருவிரலால் பின்னே தள்ளினால் தளர்ந்து நகரும். சுற்றும் கயிறு சுற்றப்படும் கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் இது வேலை செய்யும். டைனீமா என்ற செயற்கை இழைக் கயிற்றையும் இங்கு தவிர்க்க வேண்டும்: மிக வலிமையானது, மிதக்கவும் செய்யும், ஆனால் மேற்பரப்பு வழுக்கும், 150 பாகை செல்சியசை எட்டுவதற்கு முன்பே உருகத் தொடங்குவதால் உராய்வு வெப்பத்தையும் தாங்காது.

இரண்டு புரூசிக், சில கரபீனர் (திறந்து மூடும் உலோகக் கொளுவி) அல்லது கப்பிகள், கயிற்றைப் பிணைக்க ஒரு மரம் இருந்தால், இழுக்கும் விசையை மூன்று மடங்காக்கும், மூன்றுக்கு ஒன்று என்ற இழுவையை அமைக்கலாம். உராய்வு போக மிஞ்சுவது அதைவிடக் குறைவு. இழுவைக்கு நெகிழ்ச்சி குறைந்த கயிற்றையே எடுங்கள். அப்போதும், இழுபடும் கயிறு வளையும் கோணத்தின் உட்புறத்தில் ஒருவரையும் நிற்க விடாதீர்கள், கயிற்றின்மேல் ஓர் உயிர்காப்பு அங்கியைத் தொங்கவிடுங்கள். அறுந்தால் அதன் எகிறலை அது தணிக்கும்.

ரீஃப் முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை. சாரணர்களுக்கு அதை முதலில் கற்பிப்பதால், இரண்டு கயிறுகளை இணைக்க வேண்டும் என்றதும் பிள்ளைகளின் கைகள் தாமாகவே அதைப் போட்டுவிடுகின்றன. கட்டுத்துணி கட்டவும் பொதி கட்டவும் அது நல்லது; ஒரு வாலைப் பக்கவாட்டில் இழுத்தாலே புரண்டு உருவிக்கொள்ளும் முடிச்சைப் பாரம் தாங்கும் கயிறுகளுக்கிடையே போடக் கூடாது. பருமன் வேறுபட்ட கயிறுகளைச் சிறிய வேலைகளுக்கு இணைக்க ஷீட் பெண்ட் பழக்குங்கள். பாரம் தாங்க டபிள் ஃபிஷர்மன். மரத்தில் கட்ட, இறுகாத கண்ணியைத் தரும் பௌலைன் முடிச்சு நல்லது, எவ்வளவு பாரம் ஏறினாலும் பின்னர் அவிழ்க்கலாம். பாரமின்றி ஆடிக்கொண்டிருந்தால் தானே தளரும் என்பதால் மனிதரைக் கட்டும் இடத்தில் எட்டு முடிச்சையே வையுங்கள். படகைக் கரையில் கட்ட, தூணில் ஒரு முழுச் சுற்றும் இரண்டு அரை முடிச்சும்: கயிறு இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே அதைக் கட்டவும் அவிழ்க்கவும் முடியும். முகத்துவாரத்தில் படகு கட்டுபவர்களின் கைகளைக் கவனித்தால், கயிற்றை இழுத்துப் பிடிக்கும் வேலையை அந்த முழுச் சுற்றுக்கே விட்டுவிடுவதைப் பிள்ளைகள் நேரில் காணலாம். வாகனக் கூரையில் படகைக் கட்ட பொலியெஸ்டர்ப் பட்டிகளே சிறந்தவை. நைலோன் மழையில் நனைந்து நீளும். கித்துல்கலை வழியில் மழைக்குக் குறைவில்லை.

மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் திறந்துவிடும் நீரைப் பொறுத்து அங்கே ஆற்றின் மட்டம் ஏறி இறங்கும்; கரையில் கட்டிய கயிறுகளுக்கு அதற்கேற்ற இடம் விடுங்கள். பயணம் முடிந்ததும் கயிறுகளை நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வாகன மின்கலத்தின் அருகில் ஒருபோதும் வைக்காதீர்கள், அதன் அமிலம் வெளியே அடையாளம் தெரியாமல் நைலோனை அரித்துவிடும்.

உங்கள் கடிதத்தில் கத்தியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆற்றுக்குக் கயிறு கொண்டுபோகும் ஒவ்வொரு பெரியவரிடமும், முனை மழுங்கிய, அலைப்பல்லுள்ள ஒரு கத்தி இருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் எட்டக்கூடியதாக அங்கியின் மார்பில் அதைப் பொருத்துங்கள். புறப்படுவதற்கு முன், நீலக் கயிற்றின் ஒரு துண்டை இரண்டு பேர் இறுக்கி இழுத்துப் பிடிக்க, அந்தக் கத்தியால் அதை வெட்டிப் பாருங்கள்; பிறகு அதே துண்டைத் தொய்வாக விட்டு வெட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்களும் பார்க்கட்டும்.

அன்புடன்.