நாய்ஸ் போகணும், இமை முடி போகக் கூடாது: கேள்வி பதில்

அக்கா, மங்கலான அறையில் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) 6400-ல் எடுத்த முகப் படம். நாய்ஸைக் (படத்தில் தூவியது போலத் தெரியும் தேவையற்ற புள்ளி) குறைக்கும் ஸ்லைடரை ஏற்றினால் முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது, ஏற்றாவிட்டால் முகமெல்லாம் புள்ளி. எத்தனையில் வைப்பது?

எண் சொன்னால் அடுத்த படத்துக்கே அது உதவாது தம்பி, அதனால் வரிசையைச் சொல்கிறேன். முதலில் நிற நாய்ஸ், அதாவது நிழல் பகுதியில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகத் தெரிவது. அதைத் தயங்காமல் குறையுங்கள். நிறத்தில் இருக்கும் நுணுக்கத்தை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஜேபெக் கோப்புகளில் பெரும்பாலானவை நிறத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கித்தான் சேமிக்கின்றன, யாரும் குறை சொல்வதில்லை.

மணல் தூவியது போலத் தெரியும் ஒளி நாய்ஸ் வேறு. இமை முடி, தோலின் துளை, துணியின் இழை எல்லாம் அதே தளத்தில்தான் இருக்கின்றன, அதனால் அங்கே கை அடக்கம் வேண்டும். கண்ணோரத்தை 100 சதவீதத்தில் வைத்துக்கொண்டு, ஸ்லைடரை பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். முதலில் கன்னத்தில் மணல் அடங்கும், அப்புறம் புருவத்தின் மெல்லிய முடிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தீற்றலாக மாறத் தொடங்கும். அங்கே நிறுத்தி, கொஞ்சம் பின்னால் வாருங்கள். மீதிப் புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டு, கணினியில் வெளிச்சம் ஏற்றினால் நாய்ஸ் குறையும் என்கிறார்களே?

குறையாது. நாய்ஸுக்கு முக்கியக் காரணம் ஐஎஸ்ஓ எண் இல்லை, சென்சாருக்கு வந்து சேரும் ஒளி போதாததுதான். ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது பத்தில் ஒரு பங்கு. 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, நூறில் ஒரு பங்குதான். ஆகவே ஷட்டரை அதிக நேரம் திறக்க முடியுமா, லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரைப் பெரிதாக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். இரண்டும் முடியாதென்றால், அதே ஷட்டரில் ஐஎஸ்ஓ 400 வைத்து எடுத்து கணினியில் நான்கு ஸ்டாப் (ஸ்டாப் ஒன்றுக்கு வெளிச்சம் இரு மடங்கு) ஏற்றுவதால் ஒன்றும் மிச்சமாகாது. சில கேமராக்களில் 6400-ல் எடுத்ததைவிட நிழல் மோசமாகவே வரும்.

அசையாத பொருள், ட்ரைபாடும் இருக்கிறது. எதையும் இழக்காமல் நாய்ஸைக் குறைக்க வழி உண்டா மேடம்?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழியே இதுதான். ஒரே காட்சியைப் பல முறை எடுத்து சராசரி போடுங்கள். 4 படம் சேர்த்தால் நாய்ஸ் பாதியாகும், 16 சேர்த்தால் கால்வாசி. நுணுக்கம் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் இருக்கிறது, நாய்ஸ் மட்டும்தான் இடம் மாறுகிறது. அதனால் இங்கே எதுவும் வழித்து எடுக்கப்படுவதில்லை. பென்சிலில் எழுதிய பழைய கடிதம் ஒன்றை மேசை விளக்கில் எடுத்தேன். ஒற்றைப் படத்தில் நாய்ஸைக் குறைத்ததும் எழுத்தின் மெல்லிய வால்கள் மறைந்துவிட்டன. 16 படத்தைச் சேர்த்தபோது, எழுதி அழித்த ஒரு சொல்லின் தடம் வரை தெரிந்தது.

இடையில் யாராவது குறுக்கே போனால் சராசரிக்குப் பதில் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மின்னும் ஹாட் பிக்சல் மட்டும் இதில் போகாது. லென்ஸை மூடி, அதே ஷட்டர், அதே ஐஎஸ்ஓவில் ஒரு கருப்புப் படம் எடுத்துக் கழிக்க வேண்டும்.

நான் புரோகிராம் எழுதுகிறேன். காஸியன் பிளர் போட்டால் விளிம்பெல்லாம் மங்குகிறது. வேறு என்ன?

காஸியன் அக்கம்பக்கத்துப் பிக்சலை வித்தியாசம் பார்க்காமல் கலக்கிவிடும். 1998-ல் வந்த பைலேட்டரல் ஃபில்டர், மதிப்பு நெருங்கியிருக்கும் பிக்சலுக்கே அதிக எடை தருவதால் விளிம்பு தப்பிக்கும், ஆனால் மெல்லிய இழையமைப்பு வழுவழுப்பாகிவிடும். 2005-ன் நான்-லோக்கல் மீன்ஸ் பிக்சலை விட்டுவிட்டுச் சின்னச் சின்னத் துண்டுகளை ஒப்பிட்டு, படத்தில் வேறெங்காவது அதே போன்ற துண்டு இருந்தால் அதோடு சராசரி போடும். நெசவு, செங்கல் சுவர் போலத் திரும்பத் திரும்ப வரும் அமைப்புக்கு அருமையாக வேலை செய்யும். 2007-ன் பிஎம்3டி அதே யோசனையை இன்னும் தூரம் கொண்டு போனது, இன்றும் புது முறைகளை அதோடு ஒப்பிடுகிறார்கள்.

எதைப் போட்டாலும் ஒரு சோதனை செய்யுங்கள். மூலப் படத்திலிருந்து உங்கள் விடைப் படத்தைக் கழித்து, மிச்சத்தைப் பிரகாசமாக்கிப் பாருங்கள். வெறும் மணலாக இருந்தால் சரி. அதில் மூக்கின் கோடோ கட்டடத்தின் ஓரமோ தெரிந்தால், உங்கள் ஃபில்டர் நாய்ஸோடு சேர்த்துப் படத்தையும் தின்றிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவால் நாய்ஸை நீக்கும் ஏஐ டீநாய்ஸை நம்பலாமா?

ராவில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே வருகிறது. கேமராவே தேய்த்து, 8-க்கு 8 கட்டமாக அமுக்கிய ஜேபெக்கில் நாய்ஸின் இயல்பே மாறிப்போயிருக்கும், அங்கே தடுமாறும். தூரத்து முகம், சின்ன எழுத்து இரண்டையும் கட்டாயம் பெரிதாக்கிப் பாருங்கள். தெரியாத இடத்தில் அது தானாக ஒன்றை வரைந்து வைக்கும். நான் விடையை மூலப் படத்தின் மேல் லேயராக வைத்து அதன் ஒபாசிட்டியை (மேல் படம் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறது என்பதை) 60, 70 சதவீதத்துக்கு இறக்கிவிடுவேன்.

படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பன், நாய்ஸைக் குறைப்பதற்கு முன்பா, பின்பா?

பின்பு. அதுவும் மாஸ்க் போட்டு விளிம்பில் மட்டும்.

6000-க்கு 4000 படம், இணையத்தில் சின்னதாகத்தான் போடப்போகிறேன். இவ்வளவும் செய்யணுமா அக்கா?

வேண்டாம். 3000-க்கு 2000 ஆகச் சுருக்கினாலே நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாகி நாய்ஸ் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். முதலில் சுருக்கிப் பாருங்கள், அப்புறமும் கண்ணை உறுத்தினால் நிற நாய்ஸை மட்டும் தொடுங்கள்.