ஐந்தறை வீட்டை விற்றுத்தான் மகளைப் படிக்க வைக்க வேண்டுமா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தாயாரின் கேள்வி. மகள் தொடக்கக் கல்லூரியை முடித்து ஏ லெவல் முடிவுகளுக்காகக் காத்திருக்கிறாள். உள்ளூர் மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் எட்டாது என்று அவளுக்கே தெரிகிறது. ஐந்தறை வீட்டை விற்று மூவறைக்கு மாறினால் பிரிட்டனுக்கு அனுப்பி டாக்டராக்கிவிடலாம் என்கிறார் பெரியப்பா. மகளோ, கொள்ளைநோய் வந்தால் தடுப்பூசி எந்த நாட்டுக்கு முதலில் போகும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், அதைப் படிக்கிறேன் என்கிறாள். அப்படியொரு படிப்பு உண்டா, சோறு போடுமா என்று கேட்கிறார் தாயார்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் வீட்டை விற்காதீர்கள். பிரிட்டனில் ஐந்தாண்டு மருத்துவம் என்றால் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து 5 லட்சம் வெள்ளியைத் தொடும், தாண்டவும் செய்யும். மத்திய சேமநிதியின் கல்விக் கடன் உள்ளூர்ப் படிப்புக்கு மட்டுமே. வெளிநாட்டுக்கு அதிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது. இன்னொன்று: வெளிநாட்டில் வாங்கிய பட்டத்தோடு இங்கே மருத்துவராகப் பதிய, சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை 2020-இல் 160-லிருந்து 103 ஆகக் குறைத்தார்கள். 2025-இல் ஒன்பது கல்லூரிகளைச் சேர்த்தார்கள். கட்டணம் குறைவு என்று ஏஜெண்ட் எந்தக் கல்லூரியைக் காட்டினாலும், முன்பணம் கட்டும் முன் அதன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம், அவளுக்கு டாக்டர் வேலையில் விருப்பம் இல்லை. விருப்பமில்லாத பிள்ளையை ஐந்தாண்டு படிக்க வைத்து, அதன்மேல் பயிற்சி, இரவுப் பணி என்று தள்ளுவதற்கு வீட்டை விலையாகக் கொடுக்கக் கூடாது. பெரியப்பா அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் வீடும் அவருடையதல்ல, வாழ்க்கையும் அவருடையதல்ல.

தாதிமை, மருந்தியல் பற்றி உறவினர்களே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். மகள் கேட்டதற்கு வருகிறேன்.

அவள் கேட்பது உலகச் சுகாதார அரசதந்திரம் என்ற துறை, அதாவது நோய், மருந்து, தடுப்பூசி பற்றி நாடுகள் தங்களுக்குள் பேசி முடிவெடுப்பது. அதன் அடித்தளத்தில் மனிதப் பாதுகாப்பு என்ற கருத்து இருக்கிறது. 1994-இல் ஐநா மேம்பாட்டுத் திட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கை, எல்லையில் ராணுவம் நிற்பது மட்டும் பாதுகாப்பல்ல என்று சொல்லி, மனிதருக்கு வேண்டிய பாதுகாப்பை ஏழாகப் பிரித்தது: பொருளாதாரம், உணவு, சுகாதாரம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல். 2020 ஏப்ரலில் நம் ஊரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் சுமார் 3 லட்சம் பேர் அடைந்து கிடந்தார்கள். கிருமி ஒன்றுதான். ஆனால் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், சம்பளம் ஊருக்குப் போகிறதா, அறிவிப்பு தமிழிலும் வங்காளியிலும் புரிகிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் அங்கே நோயின் போக்கைத் தீர்மானித்தன. ஊரில் காத்திருந்த குடும்பத்தின் அடுப்பும் அதோடு கட்டுண்டிருந்தது. சுகாதாரத்தைத் தனியே பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை.

இனி அரசதந்திரம். பறவைக் காய்ச்சல் பரவியபோது இந்தோனீசியா தன் கிருமி மாதிரிகளை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வகங்களுக்குக் கொடுத்துவந்தது. அந்த மாதிரிகளை வைத்து நிறுவனங்கள் செய்யும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாத விலையில் வரும் என்று கண்டதும், 2007 வாக்கில் கொடுப்பதை நிறுத்தியது. மாதிரி வராவிட்டால் எல்லா நாட்டுக்கும் ஆபத்து. விலை எட்டாவிட்டால் கொடுத்த நாட்டுக்கு அநியாயம். நான்காண்டு பேசி, 2011-இல் இன்ஃபுளுவென்சா மாதிரிகளையும் பலன்களையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு பிறந்தது. கொவிட் காலத்தில், தடுப்பூசியை எல்லா நாடுகளுக்கும் பகிர்ந்து கொடுக்க அமைந்த கோவேக்ஸ் திட்டத்துக்கு ஆதரவு திரட்டிய நாடுகளின் குழுவுக்கு சுவிட்சர்லாந்தோடு இணைந்து தலைமை வகித்தது நம் சிங்கப்பூர். 2025 மே 20 அன்று ஜெனிவாவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கொள்ளைநோய் உடன்பாட்டை ஏற்றன. கொள்ளைநோய் நெருக்கடியின்போது, இதில் சேரும் உற்பத்தியாளர்கள் தடுப்பூசி, மருந்து உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலகச் சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், அந்த 20-இல் பாதியாவது, அதாவது உற்பத்தியில் குறைந்தது 10 விழுக்காடு, நன்கொடையாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. உங்கள் மகளின் கேள்விக்கு இன்றுள்ள பதில் இந்த எண்களில்தான் இருக்கிறது.

இந்த எண்களை எழுதும் வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? வரைவின் ஒவ்வொரு வரியையும் திரையில் போட்டுப் பேசுவார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்ட வரிக்குப் பச்சை நிறம், ஏறக்குறைய இணக்கம் வந்ததற்கு மஞ்சள், இழுபறியில் இருப்பதற்கு நிறமே இல்லை. ‘கொடுக்க வேண்டும்’ என்பதா, ‘கொடுக்க முயலலாம்’ என்பதா என்ற ஒரு சொல்லுக்கு இரவு இரண்டு மணி வரை உட்காருவார்கள். அங்கே உட்காருகிறவருக்கு நோய்ப்பரவல் கணக்கும் தெரிய வேண்டும், சட்ட வாசகமும் தெரிய வேண்டும், எதிரே இருப்பவரின் தலைநகரம் எதற்கு அஞ்சுகிறது என்பதும் தெரிய வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அனைத்துலக உறவுகளை மட்டும் படித்துவிட்டு, ஒரு நோய்ப்பரவல் வரைபடத்தை வாசிக்கத் தெரியாமல் வருகிறார்கள். எனவே புள்ளியியலை விடவே கூடாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியலோ புள்ளியியலோ முதன்மைப் பாடமாக எடுத்து, சா சுவீ ஹோக் பொதுச் சுகாதாரக் கல்விக்கழகத்தின் பொதுச் சுகாதாரத்தைத் துணைப்பாடமாகச் சேர்க்கலாம். நான்யாங்கில் பொதுக் கொள்கையும் உலக விவகாரமும் சேர்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது. அதை எடுத்தால் புள்ளியியல் வகுப்புகளை அவளே தேடிச் சேர்க்க வேண்டும். குடிமக்களுக்கு அரசாங்க மானியம் போக ஆண்டுக் கட்டணம் 8,000 வெள்ளிக்குச் சற்று மேல் வரும். இதற்குச் சேமநிதிக் கடன் எடுக்கலாம். முதல் ஆண்டிலேயே பிரெஞ்சு தொடங்கட்டும். ஜெனிவாவில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் பாதிக் காதோடு உட்கார்ந்திருப்பார்.

மூன்றாம் ஆண்டு முடிந்ததும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். இப்போது அதற்குச் செலவுத்தொகையும் தருகிறார்கள். ஆனால் அங்கேயே நிரந்தர வேலை என்று கனவு காண வேண்டாம். அமெரிக்கா விலகுவதாக அறிவித்த பிறகு அந்த நிறுவனம் ஆட்களைக் குறைத்திருக்கிறது. முதல் வேலையை இங்கே தேட வேண்டும்: சுகாதார அமைச்சு, 2025 ஏப்ரலில் தொடங்கிய தொற்றுநோய்களுக்கான சிடிஏ அமைப்பு, குடிமக்களை மட்டும் எடுக்கும் வெளியுறவு அமைச்சு, நான்யாங்கின் ராஜரத்தினம் கழகத்தில் மரபுசாராப் பாதுகாப்பை, அதாவது போர் அல்லாத ஆபத்துகளை ஆராயும் மையம். தொடக்கச் சம்பளம் டாக்டருக்கு ஈடாகாது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் 5 லட்சம் வெள்ளிச் செலவுக்காக வீட்டை இழக்க வேண்டியிருக்காது.

இரண்டு செலவுகளுக்கு மட்டும் கறாராக மறுப்புச் சொல்லுங்கள். பட்டம் வாங்கிய கையோடு லண்டனில் முதுநிலைப் படிப்பு வேண்டாம். இரண்டு, மூன்று ஆண்டு வேலை பார்த்தபின் போனால்தான் வகுப்பில் சொல்வது மண்டையில் ஏறும், உதவித்தொகைக்கும் வாய்ப்பு கூடும். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ‘இளம் அரசதந்திரி’ சான்றிதழ் தரும் மாநாடுகளும் வேண்டாம். வேலைக்கு எடுப்பவர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவளுடைய ஆர்வம் உண்மையானதா என்று சோதிக்கக் காசே தேவையில்லை. சிங்கப்பூரின் தொற்றுநோய்த் தயார்நிலையை வெளிநாட்டு நிபுணர்கள் 2018-இல் மதிப்பிட்ட கூட்டு அறிக்கை இணையத்தில் இருக்கிறது. அதைப் படித்து, எந்தப் பிரிவில் குறை சொல்கிறார்கள், ஏன் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். மே மாதம் உலகச் சுகாதார மன்றக் கூட்டத்தை நேரலையில் காட்டுவார்கள். ஜெனிவாவில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே பிற்பகல் மூன்று. ஏதாவது ஒரு தலைப்பை எடுத்து, எந்த நாடு என்ன கேட்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று குறிக்கட்டும். ஒரு மணி நேரத்தில் தூக்கம் வந்தால் இது அவளுக்கான துறை இல்லை. அப்போது வேறு படிப்பைப் பேசுவோம், மருத்துவத்தை அல்ல. மூன்று மணி நேரம் கழித்தும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால், அந்த இரண்டு பக்கத்தையும் பெரியப்பாவிடம் அவளே கொண்டுபோய் விளக்கட்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் விருப்பத்தை அவள் நிரப்பட்டும். வீட்டுத் தரகரிடம் பேச்சுக் கொடுத்திருந்தால், இந்த வாரமே நிறுத்திவிடுங்கள்.