ஈர விரலும் பூட்டிய கதவும்

அன்புள்ள ஐயா,

கிராமத்துக் கதைகளை வைத்து நாடகம் எழுதி வருகிறேன். ஏரி ஒன்று வீட்டுமனைகளாகிவிட்டது. அதன் கரையிலிருந்த கன்னிமார் எழுவரும் ஏரியைத் தங்கள் பெயரில் பதிவு செய்யச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருகிறார்கள். பிரதியை இணைத்துள்ளேன். மக்களுக்குப் புரியாது, கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரனை வைத்து விளக்கு என்கிறது நாடகக் குழு. கூத்து நான் அதிகம் பார்த்ததில்லை. தமிழில் கனவுபோல் நிகழும் மீயதார்த்த நாடகத்துக்கு இடமிருக்கிறதா? முதலில் நூலாக வெளியிட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்நாடின் ‘நாகமண்டல’ நாடகத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் பிரதி வந்தது. இடமிருக்கிறதா என்று எழுதுகிறவர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, அதை விட்டுவிடுங்கள். கட்டியக்காரன் விளக்கவுரை சொல்ல வருகிறவனும் அல்லன். அரசனையே ‘நீர் யார்’ என்று கேட்டுக் கேலி செய்கிறவன் அவன். இதை உங்கள் குழுவினருக்குச் சொல்லுங்கள்.

முதல் காட்சியைப் படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். மூத்த கன்னி கைரேகைக் கருவியில் விரலை வைக்கிறாள்; ஈரத்தால் ரேகை பதியவில்லை. ‘துடைச்சிட்டு வைங்கம்மா’ என்கிறார் எழுத்தர். துடைக்கத் துடைக்க விரலில் நீர் சுரக்கிறது, பின்னால் நிற்பவர் நேரமாகிறது என்று சத்தம் போடுகிறார். இதை எழுதத் தெரிந்தவர் மூன்றாம் காட்சியில் என்ன செய்திருக்கிறீர்கள்? கடிகாரம் உருகுகிறது, எழுத்தர் மீனாகிறார், கூரையிலிருந்து பத்திரங்கள் கொட்டுகின்றன, இளைய கன்னி எதற்கென்றே தெரியாமல் குதிரை மேல் வருகிறாள். உருகும் கடிகாரத்தை 1931இலேயே ஓவியர் டாலி வரைந்து முடித்துவிட்டார். மீயதார்த்தம் என்று பெயர் வைத்துவிட்டால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

நாட்டார் கதையில் எதுவும் இஷ்டப்படி நடப்பதில்லை. நாகமண்டலத்துக்கு மூலமான கன்னட வாய்மொழிக் கதைகளைக் கர்நாடுக்குச் சொன்னவர் நாட்டார் கதை ஆய்வாளர் ஏ.கே. ராமானுஜன். அப்பண்ணா தன் மனைவி ராணியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறான். இரவில் அவன் உருவில் நாகம் வருகிறது. கதவில் பூட்டு தொங்குவதால் அது ஜலதாரை என்னும் கழிவுநீர்த் துளை வழியாகப் பாம்பாகத்தான் நுழைய வேண்டும், உள்ளே வந்த பிறகே கணவனாக முடியும். மாயம் தெரிந்த நாகத்துக்காகக் கதவு தானாகத் திறந்திருக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள். திறந்திருந்தால் நாடகம் அங்கேயே முடிந்திருக்கும். தான் போட்ட பூட்டு போட்டபடியே இருக்க மனைவி கர்ப்பமாக நிற்பதைக் கண்டு அப்பண்ணா வெறிகொள்கிறானே, அந்த வெறிக்கு ஆதாரம் அந்த இரும்புப் பூட்டுதான். பாம்பை நாம் நம்புவதும் அதனால்தான்.

சிறுவயதில் செய்யாறு பக்கம் என் பாட்டியின் ஊரில், பாரதக் கூத்தின் கடைசி நாளன்று, துரியோதனன் வீழ்வதை நடித்துக்காட்டும் படுகளம் பார்த்தேன். மண்ணால் செய்த துரியோதனன் மீசையும் விழித்த கண்ணுமாக மல்லாந்து கிடந்தான். காலையில் அவன் தொடைக்குள் செந்நீர்க் கலயத்தைப் புதைத்தவர் என் மாமா. மேலே ஈரமண் பூசி, உள்ளங்கையால் தேய்த்துச் சமன்செய்து, ‘இங்கதான் அடிக்கணும், தள்ளி அடிச்சிடாதே’ என்று வீமன் வேடக்காரரிடம் அவர் சொன்னதையும் கேட்டேன். வீமன் அடித்தான்; கலயம் உடைந்தது; திரௌபதி அந்தச் செந்நீரைத் தொட்டுத் தடவிக் கூந்தலை முடிந்தாள். கூட்டத்தில் முதலில் அருள் வந்து விழுந்தவர் என் மாமாதான். கலயத்தை வைத்தவருக்கே அருள் வந்ததில் எனக்கு அன்று குழப்பம் இருந்தது, இன்று இல்லை. அடி ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார், வீமனைத் திட்டியிருப்பார்.

கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே இருந்துகொண்டு கூத்து அதிகம் பார்த்ததில்லை என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? ஆடி முடிவதற்குள் ஏதாவது ஓர் ஊரில் விடியும்வரை உட்கார்ந்து பாருங்கள். பார்க்கும்போது குறிப்பெடுக்க வேண்டாம்.

பிறகு அந்த ஈர விரலுக்குத் திரும்புங்கள். ஈரம் பத்திரத்தில் பட்டால் மை கரையும். மை கரைந்தால் செக்குபந்தி, அதாவது மனையின் நான்கு எல்லை விவரம், அழியும். வடக்கே யார் நிலம், தெற்கே எந்தத் தெரு என்று தெரியாத மனையை எந்தத் தரகரும் விற்க முடியாது. மூன்றாம் காட்சி இதிலிருந்து வரட்டும், எழுத்தர் எழுத்தராகவே இருக்கட்டும். அவர் ஒற்றுத்தாள் தேடி மேசை இழுப்பறைகளைத் திறக்கட்டும்.

நூலாக வெளியிடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்றாம் காட்சி இப்படியே இருந்தால் அச்சுக்கும் வேண்டாம், மேடைக்கும் வேண்டாம். திருத்தி அனுப்புங்கள், உடனே படிக்கிறேன். குதிரையைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள்.